பிரேக் டிஸ்க் மாத்தணும்: பிளெயினா, துளை போட்டதா, கோடு வெட்டினதா? எதைப் பார்த்து வாங்குறது?

நடுச்சாலை:

எல்லாருக்கும் வணக்கம். வண்டி பெட்ரோல் ஹாட்ச்பேக், 92,000 கி.மீ. ஓடியிருக்கு. முன்னாடி காற்றோட்ட டிஸ்க், பின்னாடி டிரம். ரெண்டு மாசமா 80 கி.மீ. வேகத்துக்கு மேல பிரேக் மிதிச்சா ஸ்டியரிங் உதறுது. இதமா மிதிச்சாத்தான் அதிகமா தெரியுது. 40-க்குக் கீழ வந்ததும் அடங்கிடுது. பிரேக் மிதிக்காதப்போ வண்டி நூல் பிடிச்ச மாதிரி நேரா போகுது, அதனால வீல் பாலன்ஸா இருக்காதுன்னு நினைக்கிறேன்.

பட்டறையில ஓட்டிப் பார்த்துட்டு, "டிஸ்க் வளைஞ்சுபோச்சு, ரெண்டையும் மாத்திடுங்க"ன்னாங்க. இங்கதான் எனக்கு நெருடுது. இதே உதறலுக்காக போன வருஷம்தான் வேற ஒரு பட்டறையில ரெண்டு டிஸ்க்கையும் மாத்தினேன். புதுசு போட்டு 9,000 கி.மீ. வரைக்கும் ஒரு குறையும் இல்லை. அப்புறம் கொஞ்சம் கொஞ்சமா ஆரம்பிச்சு இப்போ பழையபடி வந்து நிக்குது.

இந்தத் தடவை நல்லதா பார்த்து வாங்கலாம்னு பட்டியலைத் திறந்தா பிளெயின், துளை போட்டது, கோடு வெட்டினது, ரெண்டும் சேர்ந்தது, பூச்சு போட்டது, ஹை கார்பன்னு போய்க்கிட்டே இருக்கு. அம்மாவும் குழந்தையும் பின் சீட்டுல வர்ற வண்டி. குத்துமதிப்பா எதையாவது வாங்கி மாட்ட மனசு வரலை. எதைப் பார்த்து வாங்கணும்?

பழைய ஸ்பேனர்:

தம்பி, வாங்குறதுக்கு முன்னாடி கொஞ்சம் பொறுங்க. 26 வருஷமா பிரேக் வேலை பாக்குறேன், அந்த உரிமையில சொல்றேன். டிஸ்க் மாத்தி 9,000 கி.மீ.ல அதே நோய் திரும்புச்சுன்னா டிஸ்க்கை மட்டும் குத்தம் சொல்ல முடியாது. அது உக்கார்ற இடத்தைப் பாக்கணும். சக்கரமும் டிஸ்க்கும் மாட்டுற ஹப்போட முகத்துல துரு இருந்து, அதைச் சுரண்டாம புது டிஸ்க்கை மாட்டியிருந்தா, எவ்வளவு உசந்த டிஸ்க் வாங்கினாலும் இதேதான் நடக்கும்.

அப்புறம் அந்த "வளைஞ்சுபோச்சு"ங்கிற பேச்சு. எல்லாரும் சொல்றோம், நானும் பல வருஷம் சொல்லியிருக்கேன். ஆனா வார்ப்பிரும்பு டிஸ்க் அப்பளம் மாதிரி நெளிஞ்சு நான் பார்த்தது ரொம்ப ரொம்பக் குறைவு. கழட்டி அளந்து பார்த்தா பெரும்பாலும் ரெண்டுல ஒண்ணுதான் இருக்கும். ஒண்ணு, டிஸ்க்கோட தடிமன் ஒரு பக்கம் கூடவும் ஒரு பக்கம் குறையவும் தேஞ்சிருக்கும். இல்லைன்னா டிஸ்க்கை ரெண்டு பக்கமும் கவ்வுற பேடோட மாவு ஒரு இடத்துல திட்டா ஒட்டிப் படிஞ்சிருக்கும். மிதிக்கும்போது பேட் அந்த மேடு பள்ளத்துல ஏறி இறங்கும். பேடை அமுக்குற பிஸ்டன் முன்னும் பின்னும் தள்ளப்படும். அதுதான் பெடல்லயும் ஸ்டியரிங்லயும் உதறலா வருது.

ஒண்ணு கேக்கிறேன். போன வருஷம் மாட்டினப்போ நீங்க பக்கத்துல நின்னு பார்த்தீங்களா? ஹப்பைச் சுத்தம் பண்ணாங்களா? வீல் நட்டை எதால இறுக்கினாங்க?

நடுச்சாலை:

பக்கத்துலயேதான் நின்னேன். பழைய டிஸ்க்கைச் சுத்தியலால தட்டிக் கழட்டினாங்க. துணியால ஒரு துடை துடைச்சாங்க, உடனே புதுசை மாட்டிட்டாங்க. பிரஷ் எதுவும் போட்ட மாதிரி ஞாபகம் இல்லை. நட்டு காத்து கன்னாலதான், டர்ர்ருனு ஒரே மூச்சுல. மொத்தமா அரை மணி நேரம்.

அளவுகோல்:

நான் மெக்கானிக் இல்லை, டூல்ரூமில் தர ஆய்வு என் வேலை. காலை முதல் மாலை வரை மைக்ரான் கணக்குதான், அதாவது மி.மீ.யில் ஆயிரத்தில் ஒரு பங்கு. அதனால் இந்த 9,000 கி.மீ. சமாசாரத்தை அளவின் பக்கத்திலிருந்து சொல்கிறேன்.

ஹப்புக்கும் டிஸ்க்குக்கும் நடுவில் ஒரு துருச் செதில் சிக்கிக்கொண்டது என்று வையுங்கள். தடிமன் 0.03 மி.மீ., அதாவது ஒரு தலைமுடியில் பாதி. ஹப் முகத்தின் விட்டம் 130 மி.மீ. என்றால், 260 மி.மீ. விட்டமுள்ள டிஸ்க்கின் விளிம்பில் அந்தச் சாய்வு இரட்டிப்பாகி 0.06 மி.மீ. ஆகிவிடும். டிஸ்க் சுற்றும்போது பக்கவாட்டில் அவ்வளவு அலையும். இதைத்தான் ரன்அவுட் என்கிறோம். பல தயாரிப்பாளர்கள் வண்டியில் மாட்டிய நிலையில் 0.05 முதல் 0.1 மி.மீ. வரைதான் அனுமதிக்கிறார்கள். உங்கள் வண்டிக்கான சரியான எண் சர்வீஸ் மேனுவலில் இருக்கும்.

இந்த அலைவை முதல் நாளில் நீங்கள் உணர மாட்டீர்கள். பேடைப் பிடித்திருக்கும் காலிப்பர் மிதந்துகொண்டு அதைத் தாங்கிக்கொள்ளும். ஆனால் பிரேக் மிதிக்காமல் ஓடும்போதும் ஒவ்வொரு சுற்றிலும் டிஸ்க்கின் அந்தத் துருத்திய இடம் பேடை ஒரு உரசு உரசிவிட்டுப் போகும். சக்கரத்தின் சுற்றளவு ஏறக்குறைய 1.9 மீட்டர். ஒரு கி.மீ.க்கு 525 சுற்று. 9,000 கி.மீ.க்கு 47 லட்சம் உரசல். உரசிய இடம் மெல்லத் தேய்ந்து மெலிகிறது, மற்ற இடம் அப்படியே இருக்கிறது. தடிமன் வேறுபாடு 15, 20 மைக்ரானை எட்டும்போது ஸ்டியரிங்கில் தெரிய ஆரம்பித்துவிடும். நீங்கள் சொல்லும் "கொஞ்சம் கொஞ்சமா ஆரம்பிச்சுது" இதோடு அப்படியே பொருந்துகிறது.

ஆக, வாங்குவதற்கு முன் அளந்து பாருங்கள். தடிமனுக்கு மைக்ரோமீட்டர் ஒன்று, ரன்அவுட்டை முள்ளில் காட்டும் காந்த அடியுள்ள டயல் கேஜ் ஒன்று, இரண்டும் இரவல் கிடைத்தாலே போதும். டிஸ்க்கின் வெளிவிளிம்பிலிருந்து 10 மி.மீ. உள்ளே தள்ளி, சுற்றிலும் 8 இடத்தில் தடிமன் எடுங்கள். சாதாரண வெர்னியரை நேராக வைத்தால் தப்பான அளவுதான் வரும். தேயாத விளிம்பில் ஒரு வரப்பு நிற்கும், வெர்னியரின் தாடை அதன் மேல் உட்கார்ந்துவிடும். வெர்னியர்தான் இருக்கிறது என்றால், ஒரே அளவான இரண்டு சின்ன வாஷரை வரப்புக்கு உள்ளே இரு பக்கமும் வைத்து, அதன் மேல் அளந்து வாஷர் தடிமனைக் கழித்துவிடுங்கள். எவ்வளவு தேய்ந்திருக்கிறது என்று பார்க்க அது போதும். ஆனால் 15 மைக்ரான் வேறுபாட்டைப் பிடிக்க மைக்ரோமீட்டரேதான் வேண்டும்.

டயல் கேஜ் வைப்பதற்கு முன் வீல் நட்டுகளை வாஷர் போட்டு டிஸ்க்கோடு இறுக்கிவிடுங்கள். தளர்ந்த டிஸ்க்கில் எடுத்த எண்ணுக்கு அர்த்தமே இல்லை.

வெள்ளிச்சக்கரம்:

இவ்வளவு யோசிக்கணுமா? நான் துளையும் கோடும் சேர்ந்த டிஸ்க் போட்டு 7 மாசம் ஆச்சு. அலாய் வீல் வழியா பார்க்கவே அவ்வளவு அழகா இருக்கு. சூடு சீக்கிரம் ஆறும்னாங்க, மழையிலயும் நல்லா பிடிக்குது. நடுச்சாலை, நீங்களும் அதையே போடுங்க. ஒரே தொல்லை, கொஞ்சம் "ஊம்"னு ஒரு சத்தம். பேடும் முன்னைவிட வேகமா தேயுற மாதிரி இருக்கு.

பழைய ஸ்பேனர்:

உங்க ஆசையைக் குறை சொல்லலை தம்பி. மழையில துளைக்கும் கோடுக்கும் வேலை இருக்குங்கிறதும் நிஜம். தண்ணிப் படலத்தை உடைச்சு விட்டுடும், முதல் மிதியிலேயே பிடிப்பு வரும். ஆனா துளை வந்த கதையைத் தெரிஞ்சுக்கங்க. அந்தக் காலத்து பேட் கலவை ரொம்பச் சூடானா வாயு விடும். பேடுக்கும் டிஸ்க்குக்கும் நடுவுல அந்த வாயு மெத்தை மாதிரி நிக்கும், பிடிப்பு போயிடும். அது வெளியேறத்தான் துளை போட்டாங்க. இன்னைக்குத் தெருவுல ஓடுற வண்டியோட பேட்ல அந்தத் தொல்லை பெரிசா கிடையாது.

துளையால நீங்க இழக்குறது இரும்பு. சூட்டை வாங்கி வச்சுக்கிறதே அந்த இரும்புதான். அதோட ஒவ்வொரு துளையோட ஓரமும் ஒரு பலவீனமான இடம். நல்ல தயாரிப்பாளருங்க துளையோட வாயைச் சாய்ச்சு வழவழப்பாக்கி, டிஸ்க்கோட ரெண்டு தகட்டுக்கும் நடுவுல காத்துப் போறதுக்காக இருக்கிற துடுப்புல படாம இடம் பார்த்துப் போடுவாங்க. அதுக்குன்னே வடிவமைச்ச வேக வண்டியில அது நல்லாவே உழைக்குது. சாதாரண டிஸ்க்கை எடுத்து டிரில்ல குத்தி விக்கிறதும் சந்தையில வருது, பயமே அதுதான். போன மாசம் ஒரு டிஸ்க் கழட்டினேன். டார்ச் அடிச்சுப் பார்த்தா, ஒரு துளையிலிருந்து அடுத்த துளைக்கு மயிரிழை மாதிரி ஒரு கோடு. நகத்தை வச்சு இழுத்தேன், நகம் மாட்டி நின்னுச்சு. அப்படி நகம் மாட்டினா அந்த டிஸ்க்கை அப்பவே தூக்கிப் போட்டுடணும். நீங்களும் மாசம் ஒருக்கா உங்க டிஸ்க்கை அப்படிப் பாருங்க, தயவுசெஞ்சு.

கோடு வெட்டினதுல இந்த விரிசல் ஆபத்து குறைவு. பேட் மேல படியுற கருகலை வழிச்சு விடும். ஆனா வழிக்கிறதுன்னாலே தேய்மானம்தான். நீங்க சொல்ற "ஊம்" சத்தமும் அந்தக் கோடு பேடை உரசிப் போறதுதான்.

குடும்பத்தோட போற வண்டிக்கு என் பதில் பிளெயின் டிஸ்க்தான்.

மலையிறக்கம்:

சூடு பத்திப் பேச்சு வந்ததால் நானும் வரேன். வாரத்துல மூணு நாள் மலைப்பாதையில இறங்குறவன் நான்.

ஆளும் சாமானும் சேர்த்து 1,300 கிலோ வண்டின்னு வைங்க. 100 கி.மீ. வேகத்திலிருந்து நிறுத்தினா ஏறக்குறைய 5 லட்சம் ஜூல் சக்தி சூடா மாறணும். முன் பிரேக் அதுல 70 சதவீதம் வாங்குதுன்னா மூணரை லட்சம் ஜூல். முன் டிஸ்க் ஒண்ணு 6 கிலோன்னு வச்சா ரெண்டும் சேர்ந்து 12 கிலோ. ஒரே நிறுத்தத்துல டிஸ்க்கோட சூடு சுமார் 60 டிகிரி ஏறும். வேகம் பாதியானா சக்தி கால்வாசிதான், அதனால 50-லிருந்து நிறுத்துறது டிஸ்க்குக்கு ஒரு பொருட்டே இல்லை.

இப்போ அதே வண்டி 500 மீட்டர் உயரம் இறங்கட்டும். 64 லட்சம் ஜூல் போல வருது. 100-லிருந்து கிட்டத்தட்ட 13 தடவை நிறுத்துறதுக்குச் சமம். காத்து கொஞ்சம் வாங்கிக்கும், கியரைக் குறைச்சா எஞ்சின் நிறைய வாங்கிக்கும். அப்படி இறங்காம பிரேக்லயே காலை வச்சுக்கிட்டு வந்தா மிச்சம் எல்லாம் அந்த 12 கிலோ இரும்புக்குள்ளதான் போகணும். இதனாலதான் பழைய ஸ்பேனர் அண்ணன் இரும்பை இழக்காதீங்கன்னு சொல்றார். 6 கிலோ இருக்கவேண்டிய டிஸ்க் 5.2 கிலோ இருந்தா, அதே நிறுத்தத்துக்கு 60 டிகிரிக்குப் பதிலா 70 டிகிரி ஏறும்.

ஒரு தடவை எனக்கு இறக்கத்துல பெடல் பஞ்சு மாதிரி கீழே போச்சு. இன்னைக்கு நினைச்சாலும் கை வேர்க்குது. ஹேண்ட் பிரேக்கை மெல்ல மெல்ல இழுத்து, முதல் கியருக்கு வந்து, ஓரமா நிறுத்தினேன். டிஸ்க்ல ஒரு கோளாறும் இல்லை. நாலு வருஷமா மாத்தாத பிரேக் ஆயில்தான் காரணம். டாட் 4 ஆயில் புதுசா இருக்கும்போது குறைஞ்சது 230 டிகிரி வரைக்கும் கொதிக்காது. ஈரம் குடிச்சிட்டா அந்த எல்லை 155 வரைக்கும் இறங்கிடலாம். டிஸ்க் மாத்துற கையோட ஆயிலையும் மாத்திடுங்க நடுச்சாலை. ரெண்டு வருஷத்துக்கு ஒரு தடவை, மறக்காம.

நடுச்சாலை:

அளந்துட்டேன்! அளவுகோல் அக்கா சொன்ன மாதிரியே, மைக்ரோமீட்டரும் டயல் கேஜும் நண்பர்கிட்ட இரவல் வாங்கி.

டிஸ்க்கோட நடுவுல மேடா நிக்கிற தொப்பியோட ஓரத்துல குறைந்தபட்சத் தடிமன் 20 மி.மீ.ன்னு பொறிச்சிருக்கு. துருவுக்கு அடியில இருந்துச்சு, உப்புத்தாள் போட்டுத் தேய்ச்சப்புறம்தான் படிக்க முடிஞ்சுது. புதுசா இருந்தப்போ 22. இப்போ இடது பக்கம் 21.40, எட்டு இடத்துலயும் வேறுபாடு 0.01-க்குள்ள. வலது பக்கம் 21.36-லிருந்து 21.39 வரைக்கும், அதாவது 30 மைக்ரான். ரன்அவுட் இடது 0.04. வலது 0.11!

வலது டிஸ்க்கைக் கழட்டினதும் விஷயம் கண்ணுக்கே தெரிஞ்சுது. ஹப் முகத்துல நட்டு மாட்டுற ஸ்டட் ஒண்ணைச் சுத்தி நகக்கண் அளவுக்குத் துரு, காய்ஞ்சு பொருக்கு தட்டி நிக்குது. டிஸ்க்கோட உள்முகத்துல அதே இடத்துல, அதே உருவத்துல ஒரு பளபளப்பான தழும்பு. போன வருஷம் துணியால துடைச்சாங்களே, அந்த இடம். ஒரு வருஷமா நான் டிஸ்க்கைத் திட்டிக்கிட்டு இருந்திருக்கேன்.

டிஸ்க்ல இன்னும் 1.3 மி.மீ.க்கு மேல மிச்சம் இருக்கு. லேத்துல கடைஞ்சு போட்டுக்கலாமா, மாத்தணுமா?

அளவுகோல்:

அருமையாக அளந்திருக்கிறீர்கள். இடது 0.04, வலது 0.11 என்று தனித்தனியாக வந்ததே பாதி பதில்.

கடையலாம். ஒரு பக்கத்துக்கு 0.1, 0.15 எடுத்தாலும் 21-க்கு மேல் நிற்கும். கடைந்த பிறகு 20-க்கு மேல் இருந்தால் போதும் என்று பார்க்காதீர்கள், அது தேய்ந்து முடிகிற எல்லை. இன்னும் பல ஆயிரம் கி.மீ. தேய இடம் விட்டுத்தான் கடைய வேண்டும். உங்களுக்கு அந்த இடம் இருக்கிறது. வண்டியில் மாட்டியபடியே கடைகிற இயந்திரம் கிடைத்தால் அது இன்னும் நல்லது, ஹப்பின் சாய்வையும் சேர்த்துச் சரி செய்துவிடும்.

ஒன்றை மட்டும் பாருங்கள். டிஸ்க் முகத்தில் நீலம் பாய்ந்த திட்டுகள் இருக்கின்றனவா? வார்ப்பிரும்பு ஓரிடத்தில் 700 டிகிரியைத் தாண்டும் அளவுக்குச் சுட்டால், அங்கே சிமென்டைட் என்கிற கடினமான இரும்புக் கார்பைடு உருவாகும். கடைந்தால் மேலே சமமாகும், கடினம் உள்ளே இறங்கியிருக்கும். சுற்றிலும் உள்ளது தேயும், அந்தத் திட்டு தேயாது. சில ஆயிரம் கி.மீ.யில் மேடு மறுபடி எழும்பும். அப்படித் திட்டு இருந்தால் கடைவது வீண்.

நடுச்சாலை:

பார்த்தேன் அக்கா. வலது டிஸ்க்ல காசு அளவுக்கு மூணு நீலத் திட்டு இருக்கு. அப்போ மாத்திடறேன். ரெண்டு பக்கமும் சேர்த்துத்தானே?

பழைய ஸ்பேனர்:

ஆமா, ஒரே அச்சுல ரெண்டும் சேர்த்துத்தான். ஒரு பக்கம் புதுசு, ஒரு பக்கம் பழசுன்னா பிடிப்பு வேறுபட்டு வண்டி ஒரு பக்கம் இழுக்கும். பேடும் புதுசுதான். பழைய டிஸ்க்கோட வரிகளுக்கு ஏத்த மாதிரி தேஞ்ச பேடைப் புது டிஸ்க்ல வச்சா முழுசா படியாது.

இப்போ உங்க முதல் கேள்விக்கு வரேன். எதைப் பார்த்து வாங்குறது?

முதல்ல அளவு. ஒரே மாடல் வண்டியில எஞ்சினுக்கு ஏத்தபடி, வருஷத்துக்கு ஏத்தபடி ரெண்டு மூணு வகை டிஸ்க் வரும். மாடல் பேரைச் சொல்லி வாங்காதீங்க, சேசிஸ் நம்பரைக் கொடுத்துக் கேளுங்க. வந்ததும் விட்டம், தடிமன், நடு ஓட்டை, முக்கியமா தொப்பியோட உயரம், நாலையும் பழசோட வச்சுப் பாருங்க. தொப்பி உயரம் 2 மி.மீ. மாறினாலும் காலிப்பர் நடுவுல உக்காராது.

அப்புறம் எடை. குளியலறை எடை மெஷின் போதும். ரெண்டு கம்பெனி டிஸ்க் வெளியில ஒரே மாதிரி இருக்கும், விட்டம் ஒண்ணு, மொத்தத் தடிமன் ஒண்ணு. ஆனா ஓரத்துல எட்டிப் பாருங்க. நடுவுல காத்துப் போற இடைவெளியை அகலமா விட்டு, ரெண்டு பக்கத் தகட்டையும் மெலிசாக்கி இரும்பை மிச்சம் பிடிச்சிருப்பாங்க. சிலதுல துடுப்போட எண்ணிக்கையையும் குறைச்சிருப்பாங்க. மலையிறக்கம் சொன்ன கணக்கு நேரா இங்க வந்து நிக்குது. எடை குறைஞ்சதை நான் மாட்ட மாட்டேன்.

பூச்சு போட்டது கிடைச்சா அதையே வாங்குங்க. துத்தநாகமும் அலுமினியமும் கலந்த சாம்பல் நிறப் பூச்சு தொப்பியிலயும், ஓரத்திலயும், உள் துடுப்புலயும் இருக்கும். பேட் படுற முகத்துல முதல் சில மிதியில போயிடும், மத்த இடத்துல நிக்கும். உங்க பிரச்சினையே துருவுலதானே ஆரம்பிச்சுது. டிஸ்க் பக்கத் துருவையாவது இது தள்ளிப் போடும். ஆனா ஹப்பு முகத்துக்கு நீங்களா பெயின்ட் அடிக்காதீங்க, கிரீஸும் தடவாதீங்க. அதுவும் ஒரு படலம்தான்.

ஹை கார்பன் பத்திக் கேட்டீங்க. கார்பன் கூடினா இரும்புக்குள்ள கிராஃபைட் செதில் கூடும், சூடு வேகமா பரவும், கீச்சுச் சத்தத்தை அதுவே அமுக்கும். நல்ல விஷயம்தான். மலையிறக்கம் மாதிரி ஆளுங்களுக்கு நான் அதைத்தான் சொல்லுவேன். உங்களுக்குக் கிடைச்சா சரி, இல்லைன்னாலும் ஒண்ணும் குறையாது.

அட்டைப்பெட்டியைப் பார்த்து ஏமாறாதீங்க. பிரெம்போ, ஏடிஇ மாதிரி வண்டி கம்பெனிகளுக்கே பிரேக் செஞ்சு கொடுக்கிறவங்க பேருல போலியும் வருது. டிஸ்க்கோட உடம்புலயே தயாரிப்பாளர் குறி, பாகத்தோட எண், குறைந்தபட்சத் தடிமன் மூணும் பொறிச்சிருக்கணும். ஐ.நா.வோட ஆர்90 விதியில தேறினதுன்னா வட்டத்துக்குள்ள ஆங்கில எழுத்து 'இ'யும் ஒரு எண்ணும் இருக்கும். சுட்டு ஆற வச்சு, திரும்பத் திரும்பச் சுட்டு, விரிசல் விடுதான்னு பார்க்கிற சோதனை அந்த விதியில உண்டு.

மின்பாதை:

ஒரு சின்ன விஷயம். மின்சார வண்டி வச்சிருக்கிறவங்க பூச்சை விடவே விடாதீங்க. என் வண்டியில மோட்டாரே பாதிக்கு மேல வேகத்தைக் குறைச்சிடுது, டிஸ்க்குக்கு வேலையே இல்லை. வேலை இல்லாததாலேயே துரு ஏறுது. பின் டிஸ்க் தேயாமலே குழி விழுந்து மாத்தவேண்டி வந்துச்சு. இப்போ வாரம் ஒரு நாள், ஆளில்லாத ரோட்டுல நியூட்ரல் போட்டு நாலு தடவை அழுத்தி மிதிக்கிறேன்.

பின்னாடி எலக்ட்ரானிக் பார்க்கிங் பிரேக் இருந்தா, பிஸ்டனை உள்ள தள்ளுறதுக்கு முன்னாடி சர்வீஸ் நிலைக்குக் கொண்டுபோகணும். அப்படியே கிளாம்ப் போட்டு அமுக்கினா மோட்டார் பகுதி உடைஞ்சிடும்.

வெள்ளிச்சக்கரம்:

அண்ணா, நீங்க எழுதினதைப் படிச்சிட்டு ராத்திரியே டார்ச் எடுத்துட்டுப் போய்ப் பார்த்தேன். நகம் மாட்டுற மாதிரி எதுவும் இல்லை. ஆனா துளையில பாதி பேட் தூளால அடைச்சுக்கிட்டு இருக்கு. இன்னொண்ணு கவனிச்சேன். உள்ளே இருக்கிற துடுப்பு வளைவா இருக்கு, இடது வலது ரெண்டு டிஸ்க்கும் ஒரே அச்சு மாதிரி இருக்கு, ஒண்ணுக்கொண்ணு எதிர் வளைவா இல்லை. அது சரியா?

பழைய ஸ்பேனர்:

சரியில்லை. வளைஞ்ச துடுப்பு டிஸ்க் ஒரு பம்பு. நடுவுல காத்தை இழுத்து ஓரத்துல வெளியே வீசணும். வண்டி முன்னே போகும்போது துடுப்போட உள்முனை முந்திப் போகணும், வெளிமுனை பின்தங்கி வரணும். அதனால இடதுக்கும் வலதுக்கும் தனித்தனி டிஸ்க், தனித்தனி எண். உங்களுக்கு ஒரே பக்க டிஸ்க்கை ரெண்டு கொடுத்துட்டாங்க. ஒரு பக்கம் காத்து சரியா வீசாம அந்த டிஸ்க் அதிகமா சுடும். பலர், டிஸ்க் முகத்துல வெட்டின கோட்டோட சாய்வைப் பார்த்துப் பக்கத்தை முடிவு பண்றாங்க. பக்கத்தைத் தீர்மானிக்கிறது உள் துடுப்புதான். பில் இருந்தா எடுத்துட்டுப் போய் மாத்திக் கேளுங்க. நேரான துடுப்புன்னா இந்தக் கவலையே கிடையாது.

நடுச்சாலை:

மாட்டி முடிச்சாச்சு. பிளெயின், பூச்சு போட்டது, ஆர்90 குறி இருக்கிறது. எடை ஒண்ணு 6.1, இன்னொண்ணு 6.0 கிலோ. இந்தத் தடவை நண்பரோட பட்டறையில நானே கூட நின்னு செஞ்சேன்.

ஹப்புக்குத்தான் அதிக நேரம். முதல்ல வயர் பிரஷ், அப்புறம் ஸ்டட்டைச் சுத்தி எட்டாத இடத்துக்கு உப்புத்தாளை ஒரு குழாய்த் துண்டுல சுத்தித் திருகித் திருகி எடுத்தேன். பழுப்புப் பொடியா கொட்டிக்கிட்டே இருந்துச்சு. விரலால தடவினா வழவழன்னு வரணும்ங்கிற வரைக்கும் விடலை, ஒரு பக்கத்துக்கே முக்கால் மணி நேரம் ஆச்சு. மாட்டி டயல் கேஜ் வச்சா வலது 0.06. டிஸ்க்ல ஸ்குரு ஓட்டை இல்லாததால கழட்டி ஒரு ஸ்டட் தள்ளி மாட்டினேன், 0.03-க்கு வந்துடுச்சு. முள்ளு அசையவே இல்லாத மாதிரி இருந்துச்சு, சந்தோஷத்துல நாலு தடவை சுத்திப் பார்த்தேன். இடது முதல் மாட்டிலேயே 0.03.

வலது காலிப்பர் நகர்றதுக்கு இருக்கிற ஸ்லைடு பின்கள்ல கீழே இருக்கிறது பாதி இறுகிப்போய் இருந்துச்சு. சுத்தம் பண்ணி பிரேக்குக்கான சிலிக்கான் கிரீஸ் போட்டேன். நீலத் திட்டுக்கு இதுவும் காரணமா இருக்குமா அண்ணா? நட்டு எல்லாம் இறுக்கத்தை அளந்து காட்டுற டார்க் ரெஞ்சால, மேனுவல்ல போட்டிருந்த அளவுக்கு, எதிரெதிரா, ரெண்டு தவணையில. ஆயிலும் மாத்தியாச்சு.

பழைய ஸ்பேனர்:

கண்டிப்பா இருக்கும். ஸ்லைடு பின் இறுகினா பேட் விலகாது, உரசிக்கிட்டே இருக்கும். அந்தப் பக்கம்தான் சுட்டிருக்கும்.

இப்போ பேடைப் பழக்கணும், இதை விட்டுடாதீங்க. போக்குவரத்து இல்லாத நேரான ரோடு. 60-லிருந்து 10-க்கு மிதமா அழுத்திக் குறைங்க, நிறுத்தவேண்டாம். மறுபடி வேகம் எடுங்க, மறுபடி குறைங்க. ஒரு பத்துத் தடவை. கடைசியில கொஞ்சம் வாடை வரும், பயப்படாதீங்க. அப்புறம் பத்து நிமிஷம் பிரேக் தொடாம ஓட்டி ஆறவிடுங்க. சூடா இருக்கும்போது பெடலை அழுத்திக்கிட்டு ஒரே இடத்துல நிக்கக் கூடாது. பேட் இருக்கிற இடம் அச்சு குத்தின மாதிரி டிஸ்க்ல படிஞ்சிடும், அங்கிருந்து உதறல் தொடங்கிடும். பேட் பெட்டியில வேற முறை எழுதியிருந்தா அதையே செய்யுங்க.

100 கி.மீ. ஓடினதும் நட்டை ஒரு தடவை ரெஞ்சால சரி பாருங்க.

நடுச்சாலை:

யாராவது தேடி வந்தா உபயோகப்படும்னு எழுதறேன். இன்னைக்கு 11,400 கி.மீ. ஆச்சு, போன தடவை உதறல் ஆரம்பிச்ச தூரத்தைத் தாண்டியாச்சு. 100-லிருந்து இதமா மிதிச்சுப் பார்த்தேன். ஸ்டியரிங் மேல ஒரு விரலை வச்சிருந்தேன், விரலுக்குக்கூட எதுவும் தெரியலை. நேத்து டயர் மாத்துற சாக்குல மைக்ரோமீட்டர் போட்டேன். வலது டிஸ்க்ல எட்டு இடத்துலயும் 21.8 சொச்சம், வேறுபாடு 0.01-க்குள்ள. டயர் கடையில காத்து கன்னை எடுத்தாங்க. நட்டை மாட்டுறதை மட்டும் நான் பண்ணிக்கிறேன்னு சொல்லி, டிக்கியிலிருந்து டார்க் ரெஞ்சை எடுத்துட்டு வந்தேன்.